சனி ஞாயிறு: ஏலகிரியா, வீட்டு மொட்டை மாடியா?

கோட்டைவாசல் | வெள்ளி, இரவு 9.40

சென்னையிலிருந்து சகலை போன் செய்தார். ஞாயிறு விடியற்காலை காரில் வருகிறார்களாம், எங்களையும் ஏற்றிக்கொண்டு ஏலகிரி போய் அன்று ராத்திரியே திரும்பலாமாம். நான் வரவில்லை என்றேன். உடம்பு சரியில்லையா என்று கேட்டார். உடம்பு நன்றாக இருக்கிறது, அது அப்படியே இருக்கட்டும் என்றுதான் வரவில்லை என்றேன். கோபித்துக்கொண்டு வைத்துவிட்டார்.

என் திட்டம் சின்னது. சனிக்கிழமை விடியற்காலை வேலூர்க் கோட்டைக்குள் நடை. வெளியே வந்து ஒரு டீ, அகழி ஓரமாக நின்று கொக்குகளை வேடிக்கை பார்ப்பது. வீட்டுக்கு வந்து பேப்பர், மதியம் தூக்கம். ஞாயிறு மட்டன் குழம்பு, மறுபடி தூக்கம். சாயங்காலம் மொட்டை மாடியில் நாலு குடம் தண்ணீர் ஊற்றிச் சூடு தணிந்ததும் பாய் விரித்துப் படுப்பது.

ஏலகிரிக்கு நான் எதிரி இல்லை. கல்யாணமான புதிதில் பஸ்ஸில் போய், புங்கனூர் ஏரியில் படகு விட்டுத் திரும்பியவன்தான். இப்போது ஞாயிற்றுக்கிழமை என்றால் மலையடிவாரப் பொன்னேரியில் திரும்பியதிலிருந்தே வண்டிக்குப் பின்னால் வண்டி. மேலே போனால் படகுக்கு வரிசை, பஜ்ஜிக்கு வரிசை, கீழே இறங்க வரிசை. திங்கட்கிழமை ஆபீசில் உட்கார்ந்துதான் களைப்பாற வேண்டியிருக்கிறது. இதற்குப் பெயர் ஓய்வா? நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள், சொல்லுங்கள்.

காட்பாடி ஜங்ஷன் | வெள்ளி, இரவு 10.15

சார், மரியாதையோடு சொல்கிறேன், உங்கள் திட்டத்தில் தூக்கம் என்ற சொல் இரண்டு முறை வருகிறது, மூன்றாவது பாய் விரிப்பதில் ஒளிந்திருக்கிறது. அதற்கு சனி ஞாயிறு எதற்கு?

எனக்கு வாரத்தில் ஐந்து நாள் கம்ப்யூட்டர். வீட்டில் இருந்தால் ஆறாவது நாள் செல்போன். "சும்மா இருக்கிறேன்" என்று சொல்கிற எல்லோர் கையிலும் அது இருக்கிறது. அதைப் பிடுங்கிப் போட மலைப்பாதைதான் ஒரே வழி, ஏனென்றால் இரண்டு கையும் பைக் ஹேண்டில்பாரில் இருக்க வேண்டும்.

ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுக்கும் பெயர் உண்டு. புலவர்கள் ஒரு பக்கம், வள்ளல்கள் ஒரு பக்கம். கபிலர், ஔவையார், பாரி, ஓரி என்று போர்டைப் படித்துக்கொண்டே ஏறித்தான் எனக்குக் கடையெழு வள்ளல்கள் மனப்பாடமானார்கள். பள்ளிக்கூடத்தில் ஆகவில்லை.

இந்தச் சனிக்கிழமை நாங்கள் நாலு பேர் காவலூர் போகிறோம். ஜவ்வாது மலையில் இருக்கிற வைணு பாப்பு வானாய்வகம். சனிக்கிழமைதான் பொதுமக்களுக்குத் திறக்கிறார்கள். 2.3 மீட்டர் தொலைநோக்கி, 1986 முதல் வேலை செய்கிறது. யுரேனஸைச் சுற்றி வளையம் இருக்கிறது என்று 1977ல் கண்டுபிடித்தபோது, அதைப் பதிவு செய்த இடங்களில் காவலூரும் ஒன்று. நம் பக்கத்தில் இப்படி ஒன்றை வைத்துக்கொண்டு மொட்டை மாடியில் படுத்து வானத்தைப் பார்ப்பேன் என்கிறீர்கள். வேலூர் வெளிச்சத்தில் நட்சத்திரம் எத்தனை தெரியும், எண்ணிச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே ஊருக்கே ஒரு பழிச்சொல் இருக்கிறது. நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை, மன்னனில்லாத கோட்டை, சாமியில்லாத கோயில். இங்கேயே உட்கார்ந்து எதைப் பார்ப்பது?

லாங்பஜார் | வெள்ளி, இரவு 11.20

இப்போதுதான் கடை சாத்திவிட்டு வந்தேன். சனிக்கிழமை லீவு என்பது யாருக்கு? எனக்குச் சனிதான் வியாபாரம். ஞாயிறு மதியம் ஷட்டர் இறக்கிக் குளித்துச் சாப்பிட மூன்றரை ஆகும். அதில் ஏலகிரியும் இல்லை, யுரேனஸும் இல்லை. பேசுங்கள், படித்துக்கொண்டே தூங்குகிறேன்.

முள்ளுக்கத்திரி | சனி, காலை 6.05

கோட்டைவாசல் சார் இந்நேரம் நடையில் இருப்பார். வந்ததும் படிக்கட்டும்.

சார், உங்கள் திட்டத்தில் ஞாயிறு மட்டன் குழம்பு என்று ஒரு வரி இருக்கிறது. அது அகழியிலிருந்து கொக்கு கொண்டுவந்து தருகிற குழம்பா? சின்ன வெங்காயம் உரிக்க வேண்டும், தேங்காய் அரைக்க வேண்டும், மட்டனைக் கழுவி வேகவைக்க வேண்டும். பிறகு குண்டான், அடுப்பு, மேடை, எல்லாவற்றிலும் ஒட்டிய கொழுப்பைச் சுடுதண்ணீர் விட்டுத் தேய்க்க வேண்டும். நீங்கள் ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கு வீட்டில் ஒருவர் இரண்டு மடங்கு செய்ய வேண்டியிருக்கிறது.

ஜங்ஷன் தம்பிக்கும் ஒன்று. நாலு பேர் பைக்கில் போகிறீர்களே, வழிக்குப் புளிசாதம் கட்டித் தருவது யார்?

நான் வெளியே போகிற கட்சிதான். ஆனால் மலைக்கு இல்லை. கதவைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்ட நிமிஷத்திலிருந்து "காபி இருக்கா" என்ற சத்தம் நின்றுவிடும், அதற்காகத்தான். நாளைக்கு நானும் என் நாத்தனாரும் விரிஞ்சிபுரம் போகிறோம். டவுன் பஸ்ஸில் எங்களுக்கு டிக்கெட் கிடையாது. செதுவாலையில் இறங்கினால் கொஞ்ச தூரம். "விரிஞ்சை மதிலழகு" என்பார்கள், அந்த மதில் நிழலில் உட்கார்ந்து கொண்டுபோன தயிர்சாதத்தைச் சாப்பிட்டுவிட்டு வருவோம். நம்புங்கள், அது முந்தின நாள் ராத்திரி வடித்த சோறுதான்.

கோட்டைவாசல் | சனி, காலை 8.30

வந்ததும் படித்துவிட்டேன் அம்மா. வெங்காயம் நான்தான் உரிக்கிறேன் என்பதை இந்த இடத்தில் பதிவு செய்கிறேன். குண்டானைப் பற்றிச் சொல்வதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை.

ஜங்ஷன் தம்பிக்குத்தான் பதில். அந்தப் பழிச்சொல்லைச் சொன்ன ஆள் இப்போது வந்தால் திருத்தி எழுத வேண்டியிருக்கும். சாமியில்லாத கோயில் 1981லேயே முடிந்துபோன கதை. சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தைக் கொண்டுவந்து ஜலகண்டேஸ்வரர் கோயிலில் வைத்த பிறகு அங்கே ஒருநாளும் பூஜை நிற்கவில்லை. நான் தினமும் நடக்கிற பாதையில் அந்தக் கோயில் இருக்கிறது, மசூதி இருக்கிறது, 1846ல் கட்டிய சர்ச் இருக்கிறது. 1806 ஜூலை 10 விடிவதற்கு முன்னால் சிப்பாய்கள் வெள்ளைக்காரர்களை எதிர்த்து எழுந்த மைதானத்தில்தான் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். தினம் பார்ப்பதால் அது பழசாகிவிடாது.

நீரில்லாத ஆறு? 2021 நவம்பரை மறந்துவிட்டீர்களா? பாலாற்றில் இரண்டு கரையும் தொட்டுத் தண்ணீர் போனபோது ஊரே திரண்டு வந்து நின்றது. டிக்கெட் இல்லை, ஹோட்டல் இல்லை, கார் பார்க்கிங் இல்லை. போலீஸ் விசில் ஊதி விரட்ட விரட்ட, நாங்கள் நாலடி பின்னால் போய் மறுபடி முன்னால் வந்தோம். எண்பது வயசில் எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் "நைனா, ஆறு சத்தம் போடுது கேளு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். மணல் லாரி சத்தம் மட்டுமே கேட்டுப் பழகிய காது அது. நனைந்தபடி இரண்டு மணி நேரம் நின்றோம். என் வாழ்நாளில் நல்ல ஞாயிற்றுக்கிழமை எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன். வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்.

ஏலகிரி 2019லேயே திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டது. வேலூருக்கு மிச்சம் கோட்டையும் வெயிலும். இருப்பதைக் கொண்டாடத் தெரிய வேண்டாமா?

காட்பாடி ஜங்ஷன் | சனி, காலை 9.10

கிளம்பிக்கொண்டிருக்கிறேன், சுருக்கமாக. ஆறு தினமும் அப்படிப் போகாது சார். அபூர்வமாக வந்ததை நீங்கள் ஓடிப்போய்த்தானே பார்த்தீர்கள், மொட்டை மாடியில் படுத்துக்கொண்டா பார்த்தீர்கள்? அப்படியானால் நீங்களும் என் கட்சிதான்.

அக்கா, புளிசாதம் நானே கிளறினேன். உப்பு அதிகம் என்று முன்கூட்டியே ஒப்புக்கொள்கிறேன்.

நைட் டூட்டி | சனி, காலை 10.45

வார்டிலிருந்து இப்போதுதான் வந்தேன், தூங்குவதற்கு முன் ஒரு வார்த்தை. எனக்கு இந்த வாரம் ஆஃப் செவ்வாய்க்கிழமை. போன வாரம் வெள்ளி. வெள்ளிக்கிழமை ஆஃப் கிடைத்தால் கோட்டை மியூசியமும் அன்றைக்கு லீவு, பொருத்தம் பாருங்கள்.

என் ஊர் வேறு, இங்கே ஹாஸ்டல். ஆஃப் நாளில் துணி துவைத்துக் காயப்போட்டுவிட்டு, பத்து ரூபாய் வேர்க்கடலை வாங்கிக்கொண்டு அகழிப் பக்கம் புல்லில் உட்காருவேன். செவ்வாய்க்கிழமை கோட்டையில் கூட்டம் இருக்காது. ஆனால் ஒரு கூட்டம் எல்லா நாளும் இருக்கும். வைத்தியத்துக்காக வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வந்து லாட்ஜில் தங்கியிருப்பவர்கள். ரிப்போர்ட் வர நாலு நாளாகும் என்றால் அந்த நாலு நாளை எங்கே கழிப்பார்கள்? மாத்திரைப் பையும் தண்ணீர் பாட்டிலுமாகக் கோட்டை வாசலில் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். போன மாதம் ஒரு அம்மா, தலைமுடி கொட்டியிருந்தது, முந்தானையைச் சரிசெய்துகொண்டு கணவரிடம் இன்னொன்று எடுக்கச் சொன்னார். நான்தான் இரண்டு பேரையும் சேர்த்து எடுத்துக் கொடுத்தேன்.

நீங்கள் ஊரில் இருப்பதா வெளியே போவதா என்று சண்டை போடுகிறீர்கள். அவர்களுக்கு நம் ஊர்தான் வெளியூர். சரி, தூக்கம் வருகிறது.

ஆற்காட்டான் | சனி, பகல் 12.30

சண்டைக்கு நடுவில் ஒரு யோசனை. ஆற்காட்டுக்கு வந்து மக்கன் பேடா வாங்கி ஆளுக்கு ஒன்று வாயில் போடுங்கள். யாராலும் பேச முடியாது.

முள்ளுக்கத்திரி | சனி, மாலை 4.20

நைட் டூட்டி தங்கை எழுதியதைப் படித்த பிறகு சண்டை போடவே மனசில்லை. ஆனாலும் சார் கோட்டையைப் பற்றி அவ்வளவு பெருமையாக எழுதியதால் விட முடியவில்லை.

திப்பு சுல்தான் குடும்பத்தை அந்தக் கோட்டையில்தான் வைத்திருந்தார்கள். 1806 கலகத்துக்குப் பிறகுதான் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். கண்டியின் கடைசி ராஜா விக்கிரம ராஜசிங்கன் 1816ல் இங்கே வந்தார், 1832ல் இங்கேயே இறந்தார். பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் அவருக்குத்தான். அவர்கள் யாருக்கும் ஆபீஸ் இல்லை, வேளைக்குச் சாப்பாடு உண்டு, மதியம் தூங்கியிருப்பார்கள், அகழியில் கொக்குகூடப் பார்த்திருப்பார்கள். ஓய்வாக இருந்தார்கள் என்று சொல்வீர்களா?

உள்ளே இருப்பது சுகமா இல்லையா என்பது, வெளியே போகவும் முடியும் என்கிற ஆளுக்குத்தான் தெரியும். சார் நினைத்தால் சகலை காரில் ஏறலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம். உங்கள் வீட்டு அம்மாவிடம் சகலை போன் செய்த விஷயத்தைச் சொன்னீர்களா? அவருடைய அக்காவோ தங்கையோதானே அந்தக் காரில் வருகிறார்?

எங்கள் பக்கத்து வீட்டம்மா இந்நேரமும் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருக்கிறார். எதிரே டிவி ஓடுகிறது. சீரியலைப் பார்ப்பதா சுற்றுவதா என்று கேட்டால் இரண்டும்தான் என்பார். அது வேலையா பொழுதுபோக்கா, நீங்கள் இரண்டு கட்சியும் பேசி முடிவு செய்யுங்கள்.

கோட்டைவாசல் | சனி, மாலை 5.00

அக்கா இல்லை, தங்கை. சொல்லவில்லை. இப்போது போய்ச் சொல்லப்போகிறேன்.

லாங்பஜார் | சனி, மாலை 5.02

சார் போய்விட்டார். திரும்பி வருவாரா?

காட்பாடி ஜங்ஷன் | சனி, இரவு 11.50

காவலூரிலிருந்து இறங்கி வாணியம்பாடியில் டீ குடிக்கிறோம். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மேகம். பகலில் பெரிய தொலைநோக்கி இருக்கிற கட்டடத்தைப் பார்த்தோம், ராத்திரி வரிசையில் நின்றோம், என் முறை வரும்போது வானம் மூடிக்கொண்டது. என் நண்பன் முழு நிலாவே பார்த்ததுபோல் கதை விடுகிறான், அவனுக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் ஆலங்காயம் வரை இருட்டுக் காட்டுப் பாதை, ஜில்லென்ற காற்று, ஹெட்லைட்டில் குறுக்கே ஓடிய ஒரு முயல். அடுத்த சனிக்கிழமையும் போவேன். சார் கட்சிக்கு மாறமாட்டேன்.

ஆம்பூரில் பிரியாணி கடை திறந்திருந்தால் சாப்பிட்டுவிட்டு வருவோம். கத்திரிக்காய் இல்லாமல் கொடுத்தால் அக்கா பெயரைச் சொல்லிச் சண்டை போடுவேன்.

முள்ளுக்கத்திரி | ஞாயிறு, காலை 6.30

என் பெயரைச் சும்மா இழுக்காதே தம்பி, 2023ல் புவிசார் குறியீடு வாங்கிய கத்திரிக்காய் அது. பஸ்ஸுக்குக் கிளம்புகிறேன்.

கோட்டைவாசல் | ஞாயிறு, காலை 10.25

அவசரம். நேற்று ராத்திரி விஷயத்தைச் சொன்னேன். வீட்டில் ஒரு வார்த்தை பேசவில்லை. விடியற்காலை கார் வந்தது, அவர் ஏறிப் போய்விட்டார். சகலை கண்ணாடியை இறக்கி எனக்குக் கை காட்டினார். ஏலகிரியில் இப்போது வரிசையில் நிற்பார்கள் என்று நினைக்கிறேன், போட்டோவில் சிரித்துக்கொண்டுதான் நிற்கிறார்கள்.

பேரன் என்னிடம். மட்டன் வாங்கிவிட்டேன், கழுவிவிட்டேன், வெங்காயம் உரித்துவிட்டேன். குக்கரில் எத்தனை விசில்?

லாங்பஜார் | ஞாயிறு, காலை 10.31

நாலு.

காட்பாடி ஜங்ஷன் | ஞாயிறு, காலை 10.33

யூடியூபில் ஏழு என்கிறார்கள் சார்.

முள்ளுக்கத்திரி | ஞாயிறு, காலை 10.50

அது ஆட்டைப் பொறுத்தது. ஐந்து விட்டு, அடங்கினதும் திறந்து ஒரு துண்டைக் கிள்ளிப் பாருங்கள். தேங்காய் அரைத்ததைக் கடைசியில் ஊற்றுங்கள், முதலிலேயே ஊற்றினால் அடிப்பிடிக்கும்.

நாங்கள் விரிஞ்சிபுரம் கோயிலில் மணிகாட்டும் கல் பக்கத்தில் நிற்கிறோம். பள்ளத்தில் குச்சியை வைத்தால் நிழல் விழுகிற எண்தான் மணி. நாத்தனார் குச்சியை வைத்தார், பதினொன்றை நெருங்கிவிட்டது. பேரன் பன்னிரண்டரைக்குப் பசி என்பான், அடுப்பைப் பற்ற வையுங்கள்.