பழைய டிவிக்குப் பொறுப்பு யாருக்கு: விற்ற கடைக்கா, தயாரித்த நிறுவனத்துக்கா?

குன்னூர் கடைக்காரர்:
குன்னூரில் மின்னணுப் பொருள் கடை நடத்துகிறேன். புது டிவி வாங்க வருபவர்கள் பழைய டியூப் டிவியைக் கடையிலேயே விட்டுச் செல்வதால், பின்கட்டில் பதினொரு பெட்டிகள் அடுக்கிக் கிடக்கின்றன. ஓயாத ஈரத்தில் பின்மூடித் திருகுகள் துருவேறி, தொட்டால் பழுப்புத் தூளாக உதிர்கின்றன. செம்புச் சுருளை மட்டும் எடுத்துக்கொள்வதாகப் பழைய இரும்புக்காரர் சொல்கிறார்; கண்ணாடியை எங்கே கொட்டுவார் என்று கேட்டால் பதில் இல்லை. சட்டப்படி இதற்கு யார் பொறுப்பு? உதிரிபாகங்கள் வாங்கிப் பொருத்திக் கணினி செய்து, என் கடைப் பெயரிலும் விற்கிறேன். அதற்கும் விதிகள் உண்டா?

உதகை வழக்கறிஞர்:
ஐயா, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு (மேலாண்மை) விதிகள், 2022, இப்பொறுப்பை உற்பத்தியாளர் மீதே வைக்கின்றன. அவர் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் பதிவு செய்து, ஒரு பொருளின் சராசரி ஆயுட்காலம் எத்தனை ஆண்டோ, அத்தனை ஆண்டுக்கு முன்பு தாம் சந்தைக்கு விட்ட எடையில் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு 60 விழுக்காடும், அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு 70 விழுக்காடும், 2027-28 முதல் 80 விழுக்காடும் மறுசுழற்சி ஆனதற்குச் சான்று காட்ட வேண்டும். தவறினால் சுற்றுச்சூழல் இழப்பீடு கட்ட வேண்டும். பிறர் பிராண்டை விற்கும் கடைக்கு 2016 விதிகளில் இருந்த தனிக் கடமைகள் இப்போது இல்லை. ஆனால் சொந்தப் பெயரில் கணினி விற்பவர் உற்பத்தியாளரே. குறு நிறுவனங்களுக்கு விலக்கு உண்டு என்பதால், நிறுவனத்தின் அளவைக் காட்டும் உத்யம் பதிவுச் சான்றிதழைத் தயவுசெய்து பத்திரமாக வைத்திருங்கள்.

கோத்தகிரி ஆசிரியை:
வழக்கறிஞர் ஐயா சொன்ன இலக்கு எடைக் கணக்கில் இருக்கிறதே தவிர, ஊர்க் கணக்கில் இல்லை என்பதே என் வருத்தம். சமவெளியில் எங்கோ உள்ள பதிவுபெற்ற மறுசுழற்சி நிலையத்திடம் சான்றிதழ் வாங்கினாலே நிறுவனத்தின் கணக்கு நேராகிவிடும். மலையேறி வந்து ஒரு பெட்டியைக்கூட எடுக்க வேண்டியதில்லை. டியூப் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. அதை உடைத்துச் சரிவில் எறிந்தால், குன்னூர் ஓடைகள் சென்று சேரும் பவானிக்கும் அது கேடுதான். புதுப் பெட்டிகளை ஏற்றி வரும் வண்டி, இறக்கி முடித்ததும் பர்லியார் வழியாக வெறுமையாகத் திரும்புவதை நாம் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்?

உதகை வழக்கறிஞர்:
அம்மா சொல்வது உண்மை. விதிகளில் இது பெரிய குறை. ஆண்டில் குறைந்தது ஆயிரம் கருவிகளைப் பயன்படுத்தும் பெரிய நிறுவனங்கள் பதிவுபெற்றவர்களிடம்தான் கழிவை ஒப்படைக்க வேண்டும். நம் மலையில் பெரும்பாலான அலுவலகங்கள் அந்த அளவை எட்டா. கடைக்காரர் ஐயா, டியூப்பை உடைக்க விடாதீர்கள். பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுத்து, எடை குறித்த ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.

குன்னூர் கடைக்காரர்:
மிக்க நன்றி. திரும்பும் வண்டியில் பழைய பெட்டிகளை ஏற்றிச் செல்லுமாறு விநியோகஸ்தர்களுக்கு நாளை கடிதம் எழுதுகிறேன். கோத்தகிரி, வெலிங்டன் கடைக்காரர்களும் கையெழுத்திட்டால் ஒரு முழு வண்டிக்குச் சுமை சேரும். விருப்பமுள்ளவர்கள் தங்களிடம் எத்தனை பெட்டிகள் உள்ளன என்று இங்கே எழுதுங்கள்.