‘சூடு’ என்று எழுதினால் சென்னையில் விளங்காதாம்

குளக்கட்டு:
இடம் கிளிநொச்சி. மூன்று வருடமாகப் பாட்டு எழுதுகிறேன். பெரும்பாலும் கோயில் பாட்டு. போன கிழமை வெளிநாட்டிலிருந்து ஒரு தயாரிப்பாளர் என் காதல் பாட்டு ஒன்றைக் கேட்டார். 40,000 ரூபா தருவாராம். நிபந்தனை இரண்டு: பாட்டின் முழு உரிமையும் அவருக்கு, ‘சூடு மிதிச்ச களத்தில உன்ர கொலுசைத் தேடுறன்’ என்ற வரியில் சூடு, அதாவது மாடு விட்டு மிதிக்கக் குவித்த நெற்கதிர், வேண்டாம். சென்னையில் கேட்பவன் வெயில் என்று நினைப்பானாம், கடற்கரை மணல் என்று மாற்றட்டாம். கொடுக்கவா, விடவா?

மாங்குளத்தான்:
கொடும் தம்பி. காலபோகம் (மாரிக்கால நெல்) வெட்டி முடிந்து கடனையும் கட்டினால் கையில் எவ்வளவு நிற்கும் என்று எங்களுக்குத் தெரியாதா? நீரே யூடியூபில் போட்டாலும் விளம்பரக் காசு வர 1,000 பேர் சப்ஸ்கிரைப் செய்து, ஒரு வருடத்தில் 4,000 மணித்தியாலம் பார்த்திருக்கவேணும். ஸ்பொட்டிஃபையில் 2024 தொடக்கம், வருடத்துக்கு 1,000 தடவைகூடக் கேட்கப்படாத பாட்டுக்குச் சதமும் இல்லை. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 1959இல் 29 வயதில் சாகும்வரை சினிமாவுக்கு எழுதினார். உழவனைப் பாடாமல் விட்டாரா?

நந்திக்கடல்:
அவர் வயலைச் சினிமாவுக்குள் கொண்டுபோனார். இங்கே வயலை அள்ளி எறிந்துவிட்டு மணலைக் கொட்டச் சொல்கிறார்கள். இரண்டும் ஒன்றா?

சூடு என்றால் வெறும் கதிர்க் குவியல் இல்லை. என் அம்மப்பா சூடு மிதிக்கிற இரவுகளில் மாட்டுக்குப் பின்னால் பாடிக்கொண்டே சுற்றுவார். களத்துக்குள் நெல்லை நெல் என்று சொல்லவிடமாட்டார், ‘பொலி’ என்றுதான் சொல்லவேணும். தவறிச் சொன்னால் குட்டு விழும். அந்த வைக்கோலுக்குள் விழுந்த கொலுசைத் தேடுவது எவ்வளவு பாடு! கடற்கரையில் தேட யாருக்கும் வரும்.

மாங்குளத்தான்:
அம்மப்பா காலம் போய்விட்டது. வெட்டுமெசின் இறங்கினால் வெட்டி, அடித்து, தூற்றி நெல்லாகவே தருகிறது. மாங்குளத்தில் பிறந்த என் மகளிடம் சூடு என்றால் தேத்தண்ணிக் கோப்பையைத்தான் பார்ப்பாள். பிறகு சென்னைக்காரனை ஏன் குறை சொல்லவேணும்?

இன்னொன்று. சுதந்திரமாக எழுதுவதைப் பற்றிப் பெரிதாகக் கதைக்கிறீர். 2009க்கு முன்னர், போர்க்காலத்தில், வன்னியில் வந்த பாட்டுகளில் எத்தனையை எழுதினவர் தன் விருப்பத்துக்கு எழுதினார்? கேட்டார்கள், எழுதினார்கள்.

நந்திக்கடல்:
அவர்கள் காசுக்கு எழுதவில்லை.

மாங்குளத்தான்:
நான் காசைப் பற்றியா சொன்னேன்?

ஒட்டுசுட்டான்:
சூட்டுக்குள்ளேயே நிற்கிறீர்கள் இரண்டு பேரும். ‘முழு உரிமை’யை ஒருவரும் தொடவில்லை. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு கோயில் இறுவட்டுக்கு (சீடி) பத்துப் பாட்டு எழுதினேன். அட்டையில் உபயகாரரின் குடும்பப் படம், பாடினவர் பெயர், ஒலிப்பதிவு செய்தவர் பெயர் எல்லாம் இருந்தது, என் பெயர் இல்லை. திருவிழாவில் ஒலிபெருக்கியில் பாட்டுப் போகிறது, பக்கத்தில் கச்சான் கொறித்துக்கொண்டு நின்றவர் ‘இது இந்தியாப் பாட்டு’ என்று எனக்கே சொன்னார்.

இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டப்படி, காசு உழைக்கிற உரிமையை விற்றாலும் பெயர் போடும்படி கேட்கிற உரிமை எழுதியவரிடமே நிற்கும். காசு உரிமையும் லேசுப்பட்டதில்லை: எழுதியவர் உயிரோடிருக்கும் காலமும் அதற்குப் பிறகு 70 வருடமும். உம்முடைய பேரப்பிள்ளையின் பங்கையும் சேர்த்துத்தான் அவர் 40,000க்குக் கேட்கிறார். இந்தியாவில் 2012இல் சட்டத்தைத் திருத்தி, படப் பாட்டு தியேட்டருக்கு வெளியே பாவிக்கப்படும்போது எழுதியவருக்கு வரும் ரோயல்டியை விட்டுக்கொடுக்கவே முடியாது என்று வைத்தார்கள். அவ்வளவு பெரிய சினிமாக்காரருக்கே அந்தக் காவல் தேவைப்பட்டது. விற்காமல், இத்தனை வருடத்துக்குப் பாவிக்கலாம் என்று எழுத்தில் கொடும்.

மாங்குளத்தான்:
இது நியாயம். ஆனால் அவர் ஓடிப்போனால் தம்பிக்கு 40,000 நீரா தருவீர்?

குளக்கட்டு:
நேற்று இரவு கதைத்தேன். விற்கமாட்டேன், ஐந்து வருடத்துக்குப் பாவியுங்கள், என் பெயர் வரவேணும் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பேந்து ஓம் என்றார். ஆனால் காசு 15,000 ஆகிவிட்டது. கடற்கரையையும் விட்டுவிட்டார். ‘நெல்லு மிதிச்ச களத்தில’ என்று போடட்டாம். விடியும்வரை பாடிப் பார்த்தேன். மெட்டில் அச்சாவாக உட்காருகிறது, அதுதான் கரைச்சல்.

நந்திக்கடல்:
களத்தில் நெல்லா? அம்மப்பா இருந்தால் குட்டியிருப்பார்.

மாங்குளத்தான்:
குட்டட்டும். மிச்சம் 25,000 ரூபாவையும் அவரிடமே கேளும்.