கடல்நீரைக் குடிநீராக்கும் பிளாண்டில் இருந்தவர்களே, இன்றும் உறுத்துகிற சம்பவம் எது?

இரவு ஷிப்ட்:
நானே தொடங்குகிறேன். ஆர்ஓ பிளாண்ட், அதாவது கடல்நீரை அழுத்தி, மெம்பரேன் என்ற மெல்லிய சவ்வு வழியே உப்பை நீக்குவது. மெம்பரேனுக்கு முன்னால் குளோரினை முறிக்கும் எஸ்எம்பிஎஸ் மருந்தை அளந்து விடும் டோசிங் பம்ப் டக் டக்கென்று அடித்துக்கொண்டுதான் இருந்தது. குளோரின் மிஞ்சினால் காட்டிக்கொடுக்கும் ஓஆர்பி மீட்டர் பழுது என்று அலாரத்தை யாரோ அணைத்து வைத்திருந்தார்கள். பெர்மியேட், அதாவது வடிந்து வரும் நன்னீரின் கண்டக்டிவிட்டி (உப்பு கூடினால் ஏறும் அளவு) 350-லிருந்து மெல்ல ஏறி 700-ஐத் தொட்ட பிறகுதான் எனக்குச் சந்தேகம் தட்டியது. பம்பின் அளவுக்குழாயை நிரப்பி, பம்ப் அதிலிருந்தே உறிஞ்சும்படி வால்வைத் திருப்பி, அரைமணி நேரம் டார்ச் அடித்துக்கொண்டு நின்றேன். மட்டம் ஒரு மயிரிழைகூட இறங்கவில்லை. பம்பின் தலையில் காற்று அடைத்துக்கொண்டு சும்மா அடித்திருக்கிறது. பாசி பிடிக்காமல் இருக்க நாங்கள் போட்ட குளோரின் அப்படியே மெம்பரேனுக்குப் போயிருக்கிறது. எத்தனை நாள்? இன்றுவரை தெரியாது.

எஞ்சின் ரூம்:
உங்களுக்கு மெம்பரேன், கப்பலில் எங்களுக்கு எவாப்பரேட்டர்: கடல்நீரைக் கொதிக்க வைத்து, ஆவியைக் குளிர்வித்து நன்னீராக்குவது. எஞ்சினைக் குளிர்வித்து வரும் வெந்நீர்தான் அடுப்பு. உள்ளே வேக்குவம் என்பதால் கடல்நீர் 45 டிகிரி வாக்கிலேயே கொதிக்கும். முதல் பயணத்தில் அந்தக் கொதிப்பைக் கண்ணாடி வழியே வாய் பிளந்து பார்த்தவன் நான். கரைக்கு 20 கடல்மைல் இருக்கும்போதே அதை நிறுத்தச் சொல்லியிருந்தார் செகண்ட் எஞ்சினியர். மறந்துவிட்டேன். வெளியே ஆற்றுமுகத்துக் கலங்கல். 45 டிகிரியில் எந்தக் கிருமி சாகும்? சலினோமீட்டர் உப்பைத்தான் காட்டும். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, சரி. ஆனால் அந்த டேங்க் தீரும்வரை, யார் டம்ளரைத் தூக்கினாலும் என் கண் அங்கேதான்.

பழைய கை:
என் கதை சின்னது. சுண்ணாம்புச் சத்து சேர்ப்பதற்கு முந்தைய தண்ணீரை ஒரு டம்ளர் குடித்தேன், சப்பென்று இருந்தது, அவ்வளவுதான்.

முதலில் எழுதியவருக்கு ஒன்று சொல்ல வேண்டும். குளோரின் பட்ட மாத்திரத்தில் மெம்பரேன் போய்விடாது. எத்தனை பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) குளோரின், எத்தனை மணி நேரம் என்று பெருக்கிச் சேரும் கணக்கு அது. இரும்புத் துரு இருந்தால் இன்னும் வேகமாகும். ஆகவே உங்கள் பம்ப் ஒன்றிரண்டு நாள் அல்ல, அநேகமாக வெகு நாள் சும்மா அடித்திருக்கும். லோப், சௌரிராஜன் என்ற ஆராய்ச்சியாளர்கள் 1960 வாக்கில் செய்த செல்லுலோஸ் அசிடேட் மெம்பரேன் கொஞ்சம் குளோரினைத் தாங்கும். இன்றைய பாலியமைடு மெம்பரேன் தாங்காது, அதைத் தெரிந்துகொண்டுதான் பிளாண்டுக்குள் கால் வைக்க வேண்டும். அப்புறம், மெம்பரேன் இணைப்பில் உப்புநீர் கசியாமல் அடைக்கும் ஓ-ரிங் வளையத்தைப் பார்த்தீர்களா? ஒரு வெசலில் (மெம்பரேன்களை வரிசையாக அடுக்கிய குழாய்) மட்டும் கண்டக்டிவிட்டி ஏறினால் ஓ-ரிங் கோளாறு. எல்லாவற்றிலும் ஏறி, முன்வரிசை எலிமெண்ட் (மெம்பரேன் சுருள்) அதிகம் கெட்டிருந்தால் குளோரின். வெசல் வெசலாக அளந்து எழுதி வையுங்கள். மீட்டர் பழுதென்றால் கையால் குளோரின் டெஸ்ட் செய்ய எவ்வளவு நேரமாகும்? இரண்டு நிமிடம்!

இரவு ஷிப்ட்:
ஓ-ரிங் பார்த்தாயிற்று ஐயா. எல்லா வெசலிலும் ஒரே கதைதான். வெகு நாள் என்கிறீர்களே, உறுத்துவதே அதுதான். பிறகு லாக் ஷீட்டைப் புரட்டினேன். மணிக்கொரு தரம் "எஸ்எம்பிஎஸ் பம்ப்: ஓடுகிறது". பாதிக்கு மேல் என் கையெழுத்து.