நப்பின்னை என்று வைக்கலாமா?

குழு: லால்குடி வீடு

கயல்: எல்லோருக்கும் வணக்கம். பாப்பாவுக்கு இன்றோடு இருபத்திரண்டு நாள் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை தொட்டில் போடுகிறோம், அதற்குள் பெயர் முடிவாக வேண்டும். நானும் பிரபுவும் ஒன்று நினைத்து வைத்திருக்கிறோம். நப்பின்னை. எல்லோருக்கும் பிடித்து வைக்க வேண்டும் என்று ஆசை, அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

செல்வி சித்தி: என்னது, நப்பின்னையா? தப்பாக டைப் ஆகிவிட்டதா கயலு?

கயல்: இல்லை சித்தி, சரியாகத்தான் போட்டிருக்கிறேன்.

செல்வி சித்தி: கோபித்துக்கொள்ளாதே கண்ணு. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சும்மா விடுமா? நப்பி நப்பி என்று கூப்பிடும். நப்பி என்றால் கஞ்சப்பிசினாறி. பெரியவள் யாழினிக்கு எவ்வளவு அழகான பேர் வைத்தாய், அதே மாதிரி ஒன்று பார்க்கலாமே.

அருண்: எனக்கும் நப்பாசை என்ற சொல்தான் முதலில் ஞாபகம் வந்தது அக்கா. அர்த்தம் என்ன இதற்கு?

கயல்: சித்தி, யாழினி நல்ல பெயர்தான், எனக்கு இன்னும் பிடிக்கும். ஆனால் அவள் வகுப்பில் மட்டும் மூன்று யாழினி. மிஸ் கூப்பிட்டால் மூன்றும் எழுந்து நிற்கிறது. தண்ணீர் பாட்டிலில் யாழினி பி என்று ஒட்டி அனுப்பினேன், இன்னொரு யாழினிக்கும் அப்பா பெயர் பி-யில்தான் தொடங்குகிறது, மறுபடி பாட்டில் மாறி வந்தது. சின்னவளுக்காவது அவள் பெயர் அவளுக்கு மட்டும் இருக்கட்டும் என்று நினைத்தேன். அர்த்தத்தை மீனா அத்தை சொன்னால்தான் நன்றாக இருக்கும். அத்தை, இருக்கிறீர்களா?

மீனா அத்தை: இருக்கிறேன் கண்ணு. படித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதுதான் உடனே எழுத வரவில்லை. முப்பது வருஷம் தமிழ்ப் பாடம் எடுத்தேன், ஒரு வருகைப் பதிவேட்டிலும் இந்தப் பெயரை எழுதியதில்லை. அருணு, ந என்பது நல்ல என்று அர்த்தம் தரும் முன்னொட்டு. நக்கீரன் என்றால் நல்ல கீரன். உறையூரில் நக்கண்ணையார் என்று ஒரு பெண்புலவர் இருந்தார், புறநானூற்றில் அவருடைய மூன்று பாட்டு இருக்கிறது. அதே மாதிரி ந சேர்ந்த பின்னைதான் நப்பின்னை. பின்னை என்றால் பின்னால் பிறந்தவள், தங்கை. ஆக, நல்ல தங்கை, நல்ல இளையவள். இவளும் இரண்டாவதாகப் பிறந்தவள் இல்லையா, இதை விடப் பொருத்தமாக எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அருண்: இது தெரியாமல் நப்பாசை என்று எழுதிவிட்டேன், மன்னித்துவிடு அக்கா.

பெரியப்பா: திருப்பாவையில் வரும் நப்பின்னைதானே மீனா? நந்தகோபாலன் மருமகளே நப்பின்னாய் என்று உங்கள் அம்மா மார்கழியில் பாடுவாளே.

மீனா அத்தை: அவளேதான் அண்ணா. பதினெட்டு, பத்தொன்பது, இருபது, மூன்று பாட்டிலும் அவள் பெயர் வருகிறது. கண்ணனை எழுப்பப் போன பெண்கள் வாசலில் நின்று முதலில் இவளைத்தான் எழுப்புகிறார்கள், உன் கைவளை ஒலிக்க வந்து கதவைத் திற என்று. அதில் உன் மைத்துனன் பேர் பாட என்று ஒரு இடம் வரும். மைத்துனன் என்றால் முறைமாப்பிள்ளை. யசோதையின் கூடப்பிறந்தவன் மகள் இவள், கண்ணனுக்கு மாமன் மகள். ஏழு காளைகளை அடக்கினால்தான் பெண் என்று சொல்லி, அவன் அடக்கி, கட்டிக்கொண்டான். ஆண்டாள் பாட்டு முழுக்கத் தேடினாலும் ராதை கிடையாது, நம் பக்கத்தில் கண்ணனோடு சேர்த்துச் சொன்ன பெயர் நப்பின்னைதான்.

செல்வி சித்தி: மாமன் மகளா! அப்படியென்றால் நம் வீட்டுப் பெண் மாதிரிதான்.

மீனா அத்தை: ஆண்டாளுக்கும் முன்னாலேயே உண்டு செல்வி. சிலப்பதிகாரத்தில் கோவலன் மதுரைக்குள் போய்விட்டான், கண்ணகி இடைச்சேரியில் இருக்கிறாள். அன்றைக்குக் காலையில் குடத்துப் பால் உறையவில்லை, உறியில் வெண்ணெய் உருகவில்லை, ஏதோ கெட்டது வரப்போகிறது என்று, கண்ணகிக்கு இடம் கொடுத்த மாதரிக்குப் பயம். அப்போதுதான் கண்ணகி பார்க்கக் குரவை ஆடலாம் என்று ஏழு பெண்களை நிறுத்தி, ஆளுக்கு ஒரு சுரத்தின் பெயர் வைக்கிறாள். முதல் சுரமான குரலுக்கு மாயவன், அதாவது கண்ணன் என்றும், ஐந்தாவதான இளிக்கு பலராமன் என்றும், இரண்டாவதான துத்தத்துக்குப் பின்னை என்றும் சொல்கிறாள். அதே பகுதியில் பிஞ்ஞை என்றும் வருகிறது. பெரியவள் யாழ், சின்னவள் இரண்டாவது சுரம். கயலு, நீ யோசித்து வைத்தாயா, தானாக அமைந்ததா?

கயல்: சத்தியமாக இது எனக்குத் தெரியாது அத்தை. படிக்கும்போது கை எல்லாம் சிலிர்த்துவிட்டது.

பெரியப்பா: இவ்வளவு பெரிய பெயர் என்றால் ஏன் யாரும் வைப்பதில்லை? எனக்கு எழுபது வயசு. கோதை, ஆண்டாள், ரங்கநாயகி எல்லாம் தெருவுக்கு இரண்டு பார்த்திருக்கிறேன். நப்பின்னையை ஒருத்தியைக்கூடப் பார்த்ததில்லை.

மீனா அத்தை: பெருமாள் கோயில்களில் நீளாதேவி என்று சொல்லிப் பழகிவிட்டோம், நப்பின்னை பாட்டோடு நின்றுவிட்டாள் என்று நினைக்கிறேன் அண்ணா. இன்றைக்கும் மார்கழியில் அத்தனை வீட்டிலும் வாயால் சொல்கிறோம், தொட்டிலில் மட்டும் போடுவதில்லை.

பிரபு: எல்லோருக்கும் வணக்கம். பிறப்புப் பதிவு முடிந்துவிட்டது, சான்றிதழில் பெயர் இல்லாமல்தான் வாங்கியிருக்கிறோம். ஒரு வருஷத்துக்குள் கட்டணம் இல்லாமல் பெயர் சேர்க்கலாம், அதனால் அவசரம் ஒன்றும் இல்லை. பெரியவர்கள் மனசார ஒத்துக்கொண்ட பிறகே எழுதிக் கொடுப்போம்.

செல்வி சித்தி: எண்கணிதம் பார்த்தீர்களா மாப்பிள்ளை?

பிரபு: இல்லை அத்தை, பார்க்கவில்லை. பார்ப்பதாகவும் இல்லை.

கயல்: சித்தி, ஒன்று சொல்கிறேன், இது வரைக்கும் யாரிடமும் சொல்லவில்லை. பாப்பாவைத் துடைத்து என் பக்கத்தில் போட்டுவிட்டு, அங்கே இருந்த ஒரு அம்மா, மறுபடியும் பொண்ணா, சரி விடு, அடுத்தது பார்த்துக்கலாம் என்று சொன்னார். அவர் ஆறுதலாகத்தான் சொன்னார், எனக்குத் தெரியும். ஆனால் பாப்பா அப்போது கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், விரலை விரலுக்குள் கோத்துக்கொண்டு. நான் இரண்டு நாள் அழுதேன். வந்த பிறகும் பெரியவளுக்கு அடுத்து இதுவும் என்று எத்தனை பேர். பிறகு ஒரு ராத்திரி பால் கொடுத்துக்கொண்டே போனில் பெயர் தேடும்போது பின்னை என்றால் பின் பிறந்தவள் என்று பார்த்தேன். பின்னால் வந்தவள் என்று சொல்லி, அதற்கு முன்னால் நல்ல என்று ஒரு எழுத்தைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அந்த ஓர் எழுத்துக்காகத்தான் இந்தப் பெயர்.

பெரியப்பா: அம்மா கயலு. எங்கள் அத்தை பெயர் உனக்குத் தெரியுமா? போதும்பொண்ணு. தாத்தாவுக்கு நான்காவது பெண். இனிமேல் பெண் வேண்டாம் என்று வைத்த பெயர், அந்தக் காலத்தில் வேண்டாம் என்றே பெயர் வைத்தவர்களும் உண்டு. அத்தை எங்கேயும் முழுப் பெயரைச் சொல்ல மாட்டாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் கேட்டால் பொன்னு என்பாள். என் கல்யாணப் பத்திரிகையில் அவள் பெயர் போடும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தம்பி பொன்னம்மாள்னு அடிச்சுடுப்பா என்று கேட்டாள். அடித்தேன். அந்தப் பத்திரிகையை அவள் சாகும் வரைக்கும் டிரங்குப் பெட்டியில் துணிக்கு அடியில் வைத்திருந்தாள். இந்த வீட்டில் இன்னொரு பின்னால் வந்த பெண்ணுக்கு நல்ல என்று தொடங்குகிற பெயர் வைக்கிறாய் என்றால் எனக்கு முழுச் சம்மதம்.

அருண்: பெரியப்பா, இது எங்களுக்கு யாரும் சொன்னதே இல்லை.

செல்வி சித்தி: நான் என்னவோ நப்பி என்று எழுதிவிட்டேன். கயலு, மனசில் வைத்துக்கொள்ளாதே. ஒன்று செய், முதல் நாளிலிருந்தே வீட்டில் எல்லோரும் பின்னை என்று கூப்பிடுவோம். பின்னைக்குட்டி, பின்னை வா, பின்னை சாப்பிடு. வீட்டிலேயே பழகிவிட்டால் வெளியே நப்பி என்று சுருக்க யாருக்கும் தோன்றாது.

கயல்: அதுதான் சித்தி நானும் நினைத்தேன். யாழினி இப்போதே பின்னை பாப்பா என்றுதான் சொல்கிறாள். ஒரு தடவை சொல்லிக் கொடுத்தேன், பிடித்துக்கொண்டாள்.

மீனா அத்தை: தொட்டில் அன்றைக்குப் பெரியாழ்வார் பாட்டு ஒன்று பாடுகிறேன். யசோதை குட்டிக் கண்ணனுக்குத் தலை வாரிவிட வா என்று காக்காயைக் கூப்பிடுகிற பாட்டு, குழல்வாராய் அக்காக்காய் என்று முடியும். முதல் வரியே பின்னை மணாளனைப் பேரில் கிடந்தானை என்றுதான். அந்தப் பேர் என்கிற ஊர் வேறு எங்கேயும் இல்லை, நம் கொள்ளிடத்துக்கு அக்கரையில் இருக்கிற கோயிலடிதான். நம் ஊர்ப் பக்கமும் அவள் பெயரும் ஒரே வரியில் இருக்கிறது கண்ணு.

கயல்: பாடுங்கள் அத்தை. பாப்பாவுக்கு முடி நிறைய இருக்கிறது, காக்காய்க்கு வேலை இருக்கும்.

பிரபு: அப்போது நப்பின்னை என்றே எழுதிக் கொடுத்துவிடுகிறேன். ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று அருண் சொல்லட்டும், பிறகு பாஸ்போர்ட்டில் தடுமாறக் கூடாது.

அருண்: நடுவில் இரண்டு பி, இரண்டு என் வேண்டும் மாமா. ஒவ்வொன்றைக் குறைத்தால் நபினை என்று படிப்பார்கள். எழுதி உங்களுக்குத் தனியாக அனுப்புகிறேன்.

பெரியப்பா: தொட்டில் கயிறு பரண் மேல் இருக்கிறது, நீங்கள் எல்லாம் ஆடினது. நாளைக்கு எடுத்துத் துவைத்துப் போடச் சொல்கிறேன். சனிக்கிழமை மதியமே வந்துவிடுங்கள்.