பெருந்தர்பூசணி பருக்கும்போது காம்பு முறியாமல் காப்பது எப்படி?

கேள்வி (ராலே, வட கரோலினா)

வணக்கம். கரோலினா கிராஸ் என்னும் பெருங்காய் ரகத்தை வீட்டுக் கொல்லையில் இரண்டாம் ஆண்டாகப் பயிரிட்டிருக்கிறேன். சென்ற ஆண்டு ஏறத்தாழ 30 கிலோ வரை பருத்த ஒரே காய், ஒருநாள் காலையில் பார்த்தபோது, காம்பு கொடியோடு சேரும் இடத்தில் பாதி கிழிந்து கிடந்தது. காற்றும் அடிக்கவில்லை, விலங்கு வந்த தடமும் இல்லை. இந்த ஆண்டு தேங்காய் அளவில் ஒரு பிஞ்சு நிற்கிறது, ஆனால் கொடியை ஒட்டினாற்போலப் படுத்திருக்கிறது. இதை இப்போதே நகர்த்தலாமா? அடியில் பலகை வைக்க வேண்டுமா?

மறுமொழி (ஜார்ஜியாவிலிருந்து)

காய் கனத்ததால் காம்பு கிழிந்தது என்று எண்ண வேண்டாம். 2013-இல் டென்னசி மாநிலத்தின் செவியர்வில்லில் கிறிஸ் கென்ட் விளைவித்த சாதனைக் காய் 159 கிலோ. அந்த எடை முழுவதையும் தரைதான் தாங்கியது. காய் பருக்கப் பருக்க அதன் தோள் மேலெழுந்து கொடியைத் தள்ளுகிறது. கொடியோ பற்றுக்கம்பிகளாலும், மண் மூடிய கணுக்களில் விட்ட வேர்களாலும் தரையைப் பிடித்துக்கொண்டு அசைய மறுக்கிறது. இரண்டுக்கும் நடுவில் காம்பு அகப்பட்டுக்கொள்கிறது.

ஆகவே காய்க்கு இருபுறமும் ஒரு மீட்டர் தொலைவுக்குப் பற்றுக்கம்பிகளை வெட்டி, வேர்களை விடுவித்து, கொடி தளர்வாக வளைந்து எழும்ப இடம் கொடுங்கள். அதற்கு அப்பால் உள்ள கொடியைக் காற்று புரட்டாதபடி கவைக்குச்சியால் தரையோடு பதிக்கலாம். பிஞ்சு கொடிக்குச் செங்குத்தாக வரும்வரை நாளுக்குச் சிறிதாகத் திருப்புங்கள். காலையில் தொடவே கூடாது. அப்போது காம்பு நீர் நிறைந்து விறைத்திருக்கும், சட்டென்று ஒடியும். வெயிலில் கொடி சற்றுத் துவண்டிருக்கும் பிற்பகலே தக்க நேரம்.

மறுமொழி (திண்டிவனம் அருகிலிருந்து)

எங்கள் பக்கத்தில் காய் பத்துக் கிலோவைத் தாண்டினாலே வியாபாரி முகம் சுளிப்பார். ஆகவே நூறு கிலோக் கணக்கு எனக்குத் தெரியாது. ஆனால் மழையில் ஒருபக்கம் மண் இளகி, காய் உருண்டு காம்பு முறுக்கிக்கொண்டதை என் வயலிலேயே கண்டிருக்கிறேன். பலகையில் நீர் தேங்கி அடித்தோல் அழுகும் என்பதால் நான்கு விரல் ஆழத்துக்கு ஆற்று மணலை மட்டமாகப் பரப்புங்கள். அதைக் காய் சிறிதாக இருக்கும்போதே செய்துவிட வேண்டும், பிறகு தூக்க முடியாது. காயவிட்டு ஒரே நாளில் வெள்ளமாய்ப் பாய்ச்சினால் தோல் வெடிக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. மணலைப் பரப்பிவிட்டு, நேற்றுப் பிற்பகல் பிஞ்சை இரண்டு விரல் அகலம் திருப்பினேன். காம்பில் மெல்லிய நெரிசல் ஒலி கேட்டதும் நிறுத்திவிட்டேன். இன்று காலை இலைகள் வாடாமல் நிற்கின்றன. அடுத்த திருப்பத்துக்கு இரண்டு நாள் பொறுக்கிறேன்.