கூடார வெளிவிரிப்பின் உட்பூச்சு பிசுபிசுக்கிறது. தடவிய சிலிகோனும் உரிந்து வருகிறது. என்ன செய்யலாம்?

கேள்வி

வணக்கம். மலையேற்றத்துக்கு நான் கொண்டுசெல்லும் இருவர் கூடாரத்துக்கு ஒன்பது வயதாகிறது. கடந்த இரண்டு ஆண்டுகளாக அதை விரிக்க வாய்ப்பில்லாமல், உறைக்குள் இறுகச் சுருட்டி அலமாரியின் மேல்தட்டில் வைத்திருந்தேன். சென்ற வாரம் எடுத்தபோது, வெளிவிரிப்பின் உட்புறம் கைவிரலில் ஒட்டும் அளவுக்குப் பிசுபிசுத்திருந்தது. வாந்தியை நினைவூட்டும் புளித்த நாற்றமும் அடித்தது. தையல்களின் மேல் உட்பக்கமாக ஒட்டப்பட்டிருந்த ஒளிபுகும் நாடா பல இடங்களில் கழன்று தொங்கியது.

நாடாவை முழுவதும் உரித்தெடுத்துவிட்டு, குளியலறை இடுக்குகளை அடைக்கும் சிலிகோன் பசையை அதே உட்பக்கத் தையல்களின் மேல் தடவினேன். இரண்டு நாள் காயவிட்ட பின் ஓரத்தைச் சுரண்டிப் பார்த்தால், பசை முழு நீளத்துக்கும் ரப்பர் நூலைப் போல உரிந்து கையோடு வந்துவிட்டது. இது போதாதென்று, வாசல் ஜிப்பில் ரன்னர் கடந்துபோன பின்னும் பற்கள் பிரிந்தே நிற்கின்றன. பழுது பார்க்கும் வேளையிலேயே, காற்றில் உள்வாங்கும் பெரிய பக்கத்தின் நடுவில் கயிறு கட்ட ஒரு வளையத்தையும் சேர்த்துவிட எண்ணியிருந்தேன். இந்த விரிப்பின் மேல் இனியும் உழைப்பைச் செலவிடலாமா என்பதையும் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1

நீங்கள் சொல்லும் நாற்றமும் பிசுபிசுப்பும், துணியில் நீர் புகாமல் தடுக்கும் பாலியூரித்தேன் பூச்சு நீராற்பகுப்பு அடைவதன் அடையாளங்கள். காற்றிலுள்ள ஈரமும் வெப்பமும் சேர்ந்து அந்தப் பூச்சின் மூலக்கூறுச் சங்கிலிகளை மெல்ல மெல்ல அறுக்கின்றன. வெளியில் பயன்படுத்தியதைவிடச் சுருட்டி வைத்திருந்த காலமே உங்கள் கூடாரத்துக்குக் கூடுதல் கேடு செய்திருக்கும். இறுகச் சுருட்டிய துணிக்குள் சிக்கிய ஈரம் வெளியேற வழியில்லை, மேல்தட்டிலோ சூடு அதிகம். இந்த வேதிமாற்றத்தைத் திருப்ப முடியாது. பிசுபிசுத்த பூச்சின் மேல் புதிய பூச்சைத் தடவினால், பழையது உரியும்போது புதியதையும் இழுத்துக்கொண்டு வரும்.

சிலிகோன் ஏன் ஒட்டவில்லை என்பதற்கும் விடை இதில்தான் இருக்கிறது. சிலிகோன் பூசிய துணியில் சிலிகோனைத் தவிர வேறெதுவும் நிலைத்துப் பிடிக்காது. பாலியூரித்தேன் பரப்பில் பாலியூரித்தேன் சார்ந்த தையல் பசையே உறுதியாகப் பிடிக்கும். பல விரிப்புகளில் வெளிப்புறம் சிலிகோனும் உட்புறம் பாலியூரித்தேனுமாக இருபக்கமும் வெவ்வேறு பூச்சுகள் இருக்கும். உட்புறத்தில் நாடா ஒட்டியிருந்ததால் அந்தப் பக்கம் பாலியூரித்தேன் என்று கொள்ளலாம். வெளிப்புறத்தைச் சோதித்தே அறிய வேண்டும்: ஒரு மூலையை ஈரத்துணியால் துடைத்து உலர்த்தி, சிலிகோனில் ஒரு பொட்டும் பாலியூரித்தேன் பசையில் ஒரு பொட்டும் வைத்து, ஒரு நாள் கழித்து நகத்தால் நெம்பிப் பாருங்கள். உரிந்து வராத பசை எதுவோ அதுவே அந்தப் பக்கத்துக்கு உரியது.

அதற்கும் முன்பாக, வெயில் அதிகம் பட்ட உச்சிப் பகுதியில் துணியை இரு கட்டைவிரல்களுக்கு இடையில் பிடித்துப் பலமாக இழுத்துப் பாருங்கள். காகிதம் போலக் கிழிந்தால் புற ஊதாக் கதிர் நைலானைத் தின்றுவிட்டது என்று பொருள். பிறகு எந்தப் பசைக்கும் செலவிட வேண்டாம்.

பதில் 2

முன்னவர் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் பூச்சு போனால் விரிப்பே போயிற்று என்று அதிலிருந்து முடிவு கட்டிவிட வேண்டாம். கெட்ட பூச்சை முழுவதும் நீக்கிவிட்டு, நெய்த துணியின் மேல் சிலிகோனைப் புதிதாகப் பூசலாம். நானே இருமுறை செய்திருக்கிறேன். வெதுவெதுப்பான நீரில் சலவைத்தூள் கரைத்து, விரிப்பைச் சில மணி நேரம் ஊறவிட்டு, மென்மையான தூரிகையால் தேய்த்தால் கெட்டுப்போன பகுதி செதில் செதிலாகத் திரண்டு வரும். விடாப்பிடியான இடங்களை ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைக்கலாம். சலிப்பூட்டும் வேலை இது. ஒரு விடுமுறை நாள் முழுவதும் ஓடிவிடும்.

பூசுவதற்கு, 100 விழுக்காடு சிலிகோன் என்று குறிக்கப்பட்ட பசையை எடையில் ஏறத்தாழ பத்து மடங்கு மினரல் ஸ்பிரிட்டில் (வண்ணப்பூச்சை இளக்கப் பயன்படும் கரைப்பான்) கரைத்து, நுரைப்பஞ்சால் மெல்லியதாகத் தடவி, மிச்சத்தை உடனே துடைத்தெடுக்க வேண்டும். மேலே வண்ணம் பூசத்தக்கது என்று விற்கப்படும் அக்ரிலிக் கலந்த வகை இதற்கு உதவாது. வேலை முழுவதும் திறந்த வெளியில், தீயிலிருந்து விலகி நடக்க வேண்டும். அந்த ஆவி எளிதில் தீப்பற்றும், தலைவலியும் தரும்.

பதில் 1

ஒரு தடங்கலைச் சொல்லிவிடுகிறேன். பூச்சு எல்லா இடத்திலும் ஒரே அளவில் கெடுவதில்லை. நன்றாக இருக்கும் பகுதி எவ்வளவு தேய்த்தாலும் வராது. கெட்ட பகுதி மட்டும் போய், விரிப்பின் உட்புறம் தீவுகள் நிறைந்த வரைபடம் போல ஆகிவிடும். எஞ்சிய பாலியூரித்தேன் மேல் சிலிகோன் பிடிக்காது என்ற பழைய சிக்கலுக்கே திரும்பி வருவோம். ஆகவே உரிப்பதற்கு முன் வெளிப்புறச் சோதனையின் முடிவைச் சொல்லுங்கள். வெளிப்புறம் சிலிகோனாக இருந்தால், உட்புறத்தில் கெட்டதை மட்டும் நீக்கிவிட்டு, புதிய பூச்சை வெளிப்புறத்திலேயே தடவலாம். அங்கே முழுப் பரப்பும் ஒரே பொருள் என்பதால் உள்ளே எங்கு தீவு இருக்கிறது, எங்கு இல்லை என்ற கவலையே எழாது.

கேட்டவர்

சோதித்துப் பார்த்தேன். வெளிப்புறத்தில் சிலிகோன் பொட்டு நகத்துக்கு அசையவில்லை. பாலியூரித்தேன் பொட்டு சருகு போல உதிர்ந்தது. உச்சித் துணி என் பலம் கொண்ட மட்டும் இழுத்தும் கிழியவில்லை. பிசுபிசுப்பும் விரிப்பில் மூன்றில் ஒரு பங்கில்தான் இருக்கிறது, அதாவது சுருட்டியபோது நடுவில் அகப்பட்ட பகுதியில். சரியான பசையைத் தவறான பக்கத்தில் தடவியிருக்கிறேன் என்பது இப்போதுதான் விளங்குகிறது.

பதில் 3

பூச்சைப் பற்றி மேலே போதுமான அளவு பேசியாகிவிட்டது. ஜிப்பையும் வளையத்தையும் நான் எடுத்துக்கொள்கிறேன்.

ரன்னர் கடந்த பின்னும் பற்கள் பிரிகின்றன என்றால், பெரும்பாலும் பற்களில் குற்றம் இராது. மணல் அரைத்து ரன்னரின் உள்வாய் அகன்றிருக்கும். முதலில் பழைய பல்துலக்கியால் மணலைக் கழுவி நீக்குங்கள். பிறகு, ஜிப்பை மூடும்போது ரன்னரின் பின்முனையாக அமையும் பக்கத்தில், இடப்புறமும் வலப்புறமும் குறடால் சிறிது சிறிதாக அழுத்தி, ஒவ்வொரு முறையும் ஓட்டிப் பார்த்துக்கொண்டே செல்லுங்கள். ஒரே அழுத்தாக அழுத்தினால் அந்த வார்ப்பு உலோகம் வெடித்துவிடும். இப்படி நெரித்த ரன்னர் சில பயணங்களுக்கே தாங்கும், நிலையான தீர்வு புதிய ரன்னர்தான். பழையதன் முதுகில் 3, 5, 8, 10 போன்ற எண் ஒன்று பொறிக்கப்பட்டிருக்கும். அதே எண்ணிலும், உங்கள் ஜிப்பைப் போலவே சுருள்பல் வகைக்கு (பற்கள் தனித்தனியாக இல்லாமல் ஒரே இழைச் சுருளாக அமைந்தது) உரியதாகவும் வாங்க வேண்டும். ஜிப்பின் ஒரு முனையில் இரண்டு மூன்று அங்குலத் தையலைப் பிரித்து, பழையதைக் கழற்றி, இரு பற்சரங்களையும் சமமாகப் புதியதில் நுழைத்து, முனையில் பாலியெஸ்டர் நூலால் குறுக்காகப் பலமுறை தைத்துத் தடுப்பு வையுங்கள். பருத்தி நூல் ஈரத்தில் மக்கிவிடும்.

வளையத்தை விரிப்பில் நேரடியாகத் தைக்க வேண்டாம். ஊசி குத்திய ஒவ்வொரு துளையும் காற்று இழுக்கும்போது விரிந்து ஒழுகும். சிலிகோன் பூசிய துணியில் எட்டு சென்டிமீட்டர் விட்டத்துக்கு ஒரு வட்டம் வெட்டி, வளையத்தை முதலில் அதில் தைத்து, அந்த வட்டத்தைக் கரைக்காத சிலிகோனால் விரிப்பின் வெளிப்புறத்தில் ஒட்டி, சமதளத்தில் கனம் ஏற்றி ஒரு நாள் விட்டுவிடுங்கள். சதுரமாக வெட்டினால் மூலையிலிருந்து உரியத் தொடங்கும். இவ்வளவு சிரமம் எதற்கு என்று தோன்றினால், உட்புறத்திலிருந்து ஒரு வழவழப்பான கூழாங்கல்லைத் துணிக்குள் அழுத்தி, வெளியே அதன் கழுத்தில் கயிற்றைக் கட்டினாலும் வேலை நடக்கும். எனக்கு அதுவே போதுமானதாக இருந்திருக்கிறது.

கேட்டவர்

உதவிய மூவருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். பிசுபிசுத்த பகுதியை இருமுறை ஊறவைத்துத் தேய்த்ததில் பூச்சு பெரும்பாலும் போய்விட்டது, நாற்றமும் போனது. வெளிப்புறத்தில் கரைத்த சிலிகோனை ஒரு சுற்றும், தையல்களின் மேல் அதைவிடக் கெட்டியான கலவையை ஒரு சுற்றும் தடவினேன். காய்ந்த பின் மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்கத் தையல்களின் மேல் முகப்பவுடரைத் தூவித் துடைத்தேன். ரன்னரை மாற்றிவிட்டேன். வளையத்துக்குக் கூழாங்கல்லே போதும் என்று விட்டுவிட்டேன்.

கூடாரத்தை எழுப்பி, அரை மணி நேரம் குழாய்நீரைப் பீய்ச்சிச் சோதித்தேன். பரப்பில் எங்கும் கசிவில்லை. உச்சியில், கம்பம் முட்டும் இடத்தில் இரட்டைத் துணி வைத்துத் தைத்த ஒட்டின் விளிம்பில் மட்டும் சொட்டியது. அந்தத் தையலை வெளியிலிருந்து பார்க்கும்போது மடிப்பு மறைத்துவிடுவதால் தவறவிட்டிருந்தேன். மடிப்பை விரித்துப் பிடித்துக்கொண்டு இன்று காலை அங்கும் தடவியிருக்கிறேன். நாளை மறுபடி நீர் பீய்ச்ச வேண்டும்.

பதில் 1

அந்த ஒட்டின் நான்கு விளிம்புகளையும் தடவினீர்களா? மேல் விளிம்பில் நுழையும் நீர் இரு துணிகளுக்கும் நடுவில் இறங்கிக் கீழ் விளிம்பில்தான் சொட்டும். சொட்டும் இடத்தை மட்டும் அடைத்தால் நீர் உள்ளே தேங்கி வேறொரு ஊசித் துளையைத் தேடிக்கொள்ளும்.

கேட்டவர்

இரண்டு விளிம்புகளைத்தான் தடவியிருக்கிறேன். பசை இன்னும் மீதமிருக்கிறது. மற்ற இரண்டையும் மாலைக்குள் முடித்துவிட்டு, நாளைய சோதனையை ஒரு நாள் தள்ளி வைக்கிறேன்.