கூகுள் விளம்பரத்துக்குக் காசு போடுவது வேலூரில் சின்னக் கடைக்கு உதவுமா?

காட்பாடி மெக்கானிக்:
ஏசி, வாஷிங் மெஷின் சர்வீஸ் செய்கிறேன். ஒரு ஏஜென்சிக்காரர் பேச்சை நம்பி நாளுக்கு 400 ரூபாய் என்று ஒரு மாதம் கூகுளில் போட்டேன். வந்த போன் 31, கிடைத்த வேலை 6. மற்றதெல்லாம் ‘ஹெல்பர் வேலை இருக்கா’, ‘கோர்ஸ் எங்கே படிக்கலாம்’. சித்தூரிலிருந்து தெலுங்கில் இரண்டு பேர். அந்தக் காசுக்கு நோட்டீஸ் அடித்துக் காந்தி நகரில் வீடு வீடாகப் போட்டிருக்கலாம்.

பாபு ராவ் தெரு லாட்ஜ்:
தம்பி, உங்கள் கதையை எல்லோருக்கும் பொருத்தாதீர்கள். எனக்கு 14 ரூம். சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வைத்தியம் பார்க்க வருபவர்கள்தான் வாடிக்கை. கொல்கத்தாவில் டிக்கெட் போடும்போதே ரூமையும் போனில் தேடிவிடுகிறார்கள். அவர்கள் வீட்டு வாசலில் நான் நோட்டீஸ் போட முடியுமா? ஸ்டேஷனில் இறங்கியபின் பிடிக்கலாம் என்றால் புரோக்கர் முந்திக்கொள்கிறார், அவருக்குக் கமிஷன் வேறு.

காட்பாடி மெக்கானிக்:
அப்போ மேப்பில் இலவசமாகக் கடையைப் பதிந்தால் போதாதா அண்ணா? எனக்கு அதில் வரும் போன்தான் உருப்படி.

பாபு ராவ் தெரு லாட்ஜ்:
பதிந்திருக்கிறேன். எங்கள் தெருவை மேப்பில் திறந்து பாருங்கள், எறும்புப் புற்று மாதிரி லாட்ஜ். அதில் என்னுடையதை யார் தேடிப் பிடிப்பார்கள்?

தோட்டப்பாளையம் டிடிபி:
மெக்கானிக் சார், செட்டிங்கில் இடம் எப்படி வைத்திருந்தார்கள் என்று பார்த்தீர்களா? சும்மா விட்டால், ‘ஊரில் இருப்பவர்கள் அல்லது ஊர்மேல் ஆர்வம் காட்டுபவர்கள்’ என்றுதான் இருக்கும். லாட்ஜ் அண்ணனுக்கு அந்த இரண்டாவது ஆள்தான் வாடிக்கையாளர். உங்களுக்கோ தண்டம். வேலூரைப் பற்றித் தேடும் வெளியூர்க்காரர் கிளிக் செய்தாலும் காசு உங்களுடையது. அப்புறம் ‘வேலை’, ‘சம்பளம்’, ‘கோர்ஸ்’ எல்லாவற்றையும் நெகட்டிவ் கீவேர்டாக, அதாவது ‘இந்தச் சொல்லைப் போட்டுத் தேடுபவருக்கு என் விளம்பரத்தைக் காட்டாதே’ என்று போட்டிருக்க வேண்டும். என்ன தேடி உள்ளே வந்தார்கள் என்ற பட்டியல் கணக்கிலேயே கிடைக்கும், வாரம் ஒரு தடவை பார்த்தால் போதும். இன்னொன்று: 400 என்று வைத்தாலும் சில நாள் 800 வரை எடுக்கும், மாதக் கணக்கில் 12,160-ஐத் தாண்டாது. 18 சதவீத ஜிஎஸ்டி தனி.

காட்பாடி மெக்கானிக்:
பட்டியலா? கணக்கே ஏஜென்சி பெயரில். பாஸ்வேர்ட் கேட்டால் ‘கம்பெனி பாலிசி’ என்றார்கள். மாசக் கடைசியில் ஒரு பிடிஎஃப் வரும், அதில் இம்ப்ரெஷன், அதாவது விளம்பரம் காட்டப்பட்ட தடவைகள், ஏறிக்கொண்டே போகும், அவ்வளவுதான்.

தோட்டப்பாளையம் டிடிபி:
அதுதான் முதல் தப்பு. கணக்கு உங்கள் மெயிலில் இருக்கணும், அவர்களுக்கு அனுமதி மட்டும் கொடுக்கணும்.

பாபு ராவ் தெரு லாட்ஜ்:
நான் பையனை வைத்து அப்படித்தான் செய்தேன். பெங்காலியிலும் ஒரு விளம்பரம் ஓடுகிறது. போனை எடுக்கிற பையனுக்குப் பெங்காலி தெரிவதால்தான் போன் ரூமாக மாறுகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

காட்பாடி மெக்கானிக்:
சரி, செட்டிங் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என் தொழிலைப் பாருங்கள். அக்னி நட்சத்திரத்தில் விளம்பரமே இல்லாமல் போன் விடாமல் அடிக்கும், ஆள்தான் பத்தாது. மார்கழியில் ஏசி மெக்கானிக்கை யாரும் தேடவே மாட்டார்கள். தேடாதவனுக்கு கூகுள் எதைக் காட்டும்?

தோட்டப்பாளையம் டிடிபி:
மார்கழியில் கீசர் ரிப்பேர் எடுப்பீர்களா?

காட்பாடி மெக்கானிக்:
எடுப்பேன். அந்த ஏஜென்சிக்காரர் இதைக் கேட்கவே இல்லை.